பழையபடி ஆயிடுவாங்களா?

உங்க க்ளாஸ்ல கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க. யாராவது ஒரு ஃப்ரெண்ட் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ ஒரு பக்கம் கை, கால் வராம இருப்பாங்க. ‘வாதம் வந்துடுச்சு’, ‘கை கால் விழுந்துடுச்சு’, ‘ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு’ன்னு ஊருக்கு ஊர் ஒரு பேர். டாக்டர் பாஷையில் ஸ்ட்ரோக்.

அந்த வீட்டுக்குப் பார்க்க வர்றவங்க ஒரு டஜன் ஆரஞ்சோட ஒரு கேள்வியையும் மறக்காம எடுத்துட்டு வருவாங்க. “பழையபடி ஆயிடுவாங்களா?”

பதிலையும் அவங்களே சொல்லிடுவாங்க. ஒரு க்ரூப், “ஒரே மாசத்துல எந்திரிச்சு ஓடுவாங்க பாரு. எங்க ஊர்ல ஒருத்தருக்குப் புறா ரத்தம் தேய்ச்சாங்க...”ன்னு ஆரம்பிக்கும். இன்னொரு க்ரூப் வாசல்ல செருப்பு போடும்போது, “இந்த வயசுல இனிமே என்ன... கஷ்டப்படாம போய்ச் சேர்ந்தா சரி”ன்னு கிசுகிசுக்கும். உள்ளே படுத்திருக்கிறவங்களுக்குக் காது நல்லாவே கேட்கும்ங்கிறது ரெண்டு க்ரூப்புக்குமே தெரியாது.

எங்க அப்பத்தாவுக்கு 72 வயசுல ஸ்ட்ரோக் வந்துச்சு. நான் அப்போ பி.எஸ்ஸி. முதல் வருஷம். இப்போ எம்.எஸ்ஸி. முடிக்கப் போறேன். இந்த நாலரை வருஷத்துல வீட்டில் பார்த்தது, ஃபிஸியோதெரபி அண்ணன்கிட்ட கேட்டது, தேடித் தேடிப் படிச்சது எல்லாம் சேர்ந்து எனக்குச் சொன்னது ஒண்ணுதான்... அந்த ரெண்டு பதிலுமே தப்பு. ஏன்னா, கேள்வியே தப்பு!

ஒரு கேள்வி இல்லை, நாலு கேள்வி

‘பழையபடி ஆயிடுவாங்களா?’ங்கிறதுக்குள்ள நாலு கேள்வி ஒளிஞ்சிருக்கு. உயிரோட இருப்பாங்களா? நடக்க, சாப்பிட, தன் வேலையைத் தானே பார்க்க முடியுமா? இது மறுபடியும் வருமா? மனசு தாங்குமா? ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற. ஒவ்வொண்ணுக்கும் நம்ம வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் வேற. எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டும்போதுதான் ‘சரியாயிடும்’, ‘இனிமே அவ்ளோதான்’னு ரெண்டே பதில் மிஞ்சுது.

முதல்ல, தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சுக்கும், இல்லைன்னா வெடிக்கும். பெரும்பாலும் அடைப்புதான். பெரிய குழாய் ஒண்ணு அடைச்சா, நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகும்னு 2006-ல் ஒரு ஆராய்ச்சியாளர் கணக்குப் போட்டார். நீங்க ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு கோடி தாண்டிடும். அதனாலதான் அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்னு சொல்றாங்க. பெரிய குழாய் அடைப்பா இருந்தா, தொடை வழியா மெல்லிய குழாய் விட்டு அந்தக் கட்டியை இழுத்து எடுக்கிற சிகிச்சை 2015-ல் வந்த ஆராய்ச்சிகளுக்கு அப்புறம் பரவுச்சு. முகம் ஒரு பக்கம் கோணினா, கை தூக்க முடியாம விழுந்தா, பேச்சு குழறினா கை வைத்தியம் பண்ணிட்டு இருக்காம 108-க்கு அடிங்க. அந்த முதல் சில மணி நேரம்தான் அடுத்த பல வருஷத்தோட பெரும்பகுதியை எழுதுது.

மீதியை எழுதுறது யாரு? அங்கேதான் வீடு வருது.

செத்துப்போன செல் திரும்ப வராது. ஆனா பக்கத்துல இருக்கிற செல்கள் அந்த வேலையைக் கத்துக்கும். ஆத்துப்பாலம் உடைஞ்சா பஸ் என்ன பண்ணும்? பக்கத்து கிராமத்து மண் ரோட்டுல சுத்திப் போகும். முதல் நாள் ஆடி அசைஞ்சு லேட்டா போகும். தினமும் போகப் போக அந்த மண் ரோடு கெட்டிப்படும். பஸ்ஸே விடலைன்னா அந்த ரோட்டுல புல்லு முளைச்சுடும். மூளையும் அப்படித்தான். உபயோகிச்சா வழி உண்டு.

மூணு மாசக் கணக்கு

டென்மார்க்ல கோபன்ஹேகன் நகரத்துல 1990-கள்ல சுமார் 1,200 ஸ்ட்ரோக் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. பெரும்பாலும் வயசானவங்க. நடக்கிற விஷயத்தை மட்டும் எடுத்துக்குவோம். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்குப் பாதிப் பேரால சுத்தமா நடக்க முடியலை. பயிற்சி எல்லாம் முடிஞ்சப்போ, வந்தவங்கள்ல பாதிப் பேர் யார் துணையும் இல்லாம நடந்தாங்க. இன்னும் 11 சதவீதம் பேர் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா நடந்தாங்க. 18 சதவீதம் பேரால கடைசிவரை முடியலை. 21 சதவீதம் பேர் அதுக்குள்ள இறந்துட்டாங்க.

கசப்பும் இருக்கு, நம்பிக்கையும் இருக்கு, இல்லையா? ‘எல்லாரும் எந்திரிச்சு ஓடுவாங்க’ன்னு சொல்றதும் பொய். ‘இனிமே அவ்ளோதான்’ங்கிறதும் பொய்.

அதே ஆராய்ச்சியில இன்னொரு விஷயம். 95 சதவீதம் பேர் தங்களால முடிஞ்ச அதிகபட்ச முன்னேற்றத்தைப் பன்னிரண்டரை வாரத்துக்குள்ள எட்டிட்டாங்க. அதாவது மூணு மாசம். ரொம்ப மோசமா பாதிச்சவங்களுக்குத்தான் இன்னும் சில வாரம் கூட ஆச்சு. அதனால முதல் மூணு மாசம் தங்கம் மாதிரி. ‘கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் ஃபிஸியோ பார்த்துக்கலாம்’னு தள்ளிப்போடுறது ரொம்ப காஸ்ட்லியான முடிவு.

ஆனா இந்த மூணு மாசக் கணக்கே பல வீட்டில் வில்லனாவும் ஆயிடுது. மூணு மாசம் முடிஞ்சா எல்லாரும் கடையை மூடிடுறாங்க. எங்க வீட்டிலும் நாலாவது மாசம் ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. ஒரு விசிட்டுக்கு 400 ரூபாய், வாரத்துல மூணு நாள். மாசம் கிட்டத்தட்ட அஞ்சாயிரம். “கை அப்படியேதானே இருக்கு, எதுக்கு வெட்டிச் செலவு?”ன்னு சித்தப்பா கேட்டார். அவர் கேட்டதுல தப்பே இல்லை. அந்த அஞ்சாயிரம் அவர் கடையில நின்னு சம்பாதிக்கிறது.

பதில் சொன்னது ஃபிஸியோ அண்ணன்தான். “பெரிய தாவல் முடிஞ்சிருக்கும். இனிமே சின்னச் சின்ன படி. நிறுத்திட்டா இருக்கிற படியும் சறுக்கும். நான் மாசம் ரெண்டு தடவை வந்து பார்க்கிறேன். நடுவுல நீங்க செய்ங்க”ன்னார். செலவு 800-க்கு இறங்குச்சு. பஞ்சாயத்து முடிஞ்சது.

அவர் சொன்னது சும்மா ஆறுதல் இல்லை. அமெரிக்காவுல 2006-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில ஸ்ட்ரோக் வந்து மூணுல இருந்து ஒன்பது மாசம் ஆன 222 பேரைச் சேர்த்தாங்க. ஓரளவாவது கையை அசைக்க முடியிறவங்க. அதுல ஒரு பகுதியினருக்கு நல்லா இருக்கிற கைக்கு ஒரு உறையை மாட்டிவிட்டு, சுகமில்லாத கையாலயே எல்லாத்தையும் செய்யச் சொல்லி ரெண்டு வாரம் தீவிரமா பயிற்சி கொடுத்தாங்க. அந்தக் கை தேறுச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்பவும் அந்த முன்னேற்றம் நின்னுச்சு. அதாவது, மூணு மாசத்தோட கதவு பூட்டிக்கிறது இல்லை. ஒருக்களிச்சுத் திறந்திருக்கு.

பாசம் மட்டும் போதுமா பாஸ்?

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். ‘வீட்டுப் பாசமே பெரிய மருந்து’ன்னு சினிமா வசனம் பேச எனக்கும் ஆசைதான். ஆனா நம்ம நாட்டிலேயே அதைச் சோதிச்சுப் பார்த்துட்டாங்க. இந்தியா முழுக்க 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். அதுல பாதிப் பேரோட வீட்டு ஆளுங்களுக்குப் பயிற்சி முறைகளைச் சொல்லிக்கொடுத்து, நீங்களே வீட்டில் செய்யுங்கன்னு அனுப்பினாங்க. மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் ரிசல்ட் வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு இறந்தவங்க, இன்னும் அடுத்தவங்களை நம்பி இருக்கிறவங்க ரெண்டையும் கூட்டினா, அந்தப் பக்கமும் 47 சதவீதம், இந்தப் பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை!

மனசு உடைஞ்சுடாதீங்க. இதுக்கு அர்த்தம் வீடு வேஸ்ட்னு இல்லை. தேர்ந்த ஆளோட வேலையை வீட்டுத் தலையில மட்டும் கட்டினா ஆகாதுன்னு அர்த்தம். ஃபிஸியோதெரபிஸ்ட்டை நிறுத்திட்டு, ‘பேத்தி இருக்கா, பார்த்துப்பா’ன்னு யாராவது சொன்னா, பேத்தி முதல்ல ‘முடியாது’ன்னு சொல்லணும். காசுதான் பிரச்னைன்னா வழி தேடணும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்ல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல பி.பி., சுகர் மாத்திரையோட, வீட்டுக்கே வந்து ஃபிஸியோதெரபி கொடுக்கிறதும் சேர்ந்திருந்துச்சு. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க. வரிசையில நின்னு விசாரிக்கிற வேலை, காலேஜ் படிக்கிற நமக்கு ஏத்த வேலை!

ரெண்டாவது அடி

நடக்கிறதைப் பத்தியே வீடு பேசிட்டு இருக்கும். அதைவிடப் பெரிய கேள்வியை யாரும் கேட்க மாட்டாங்க. இது மறுபடியும் வருமா?

ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல 1989-90-ல் முதல் ஸ்ட்ரோக் வந்தவங்களைப் பத்து வருஷம் தொடர்ந்தாங்க. பத்து வருஷம் கழிச்சு அஞ்சுல ஒருத்தர்தான் உயிரோட இருந்தாங்க. அந்தப் பத்து வருஷத்துக்குள்ள மறுபடியும் ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு 43 சதவீதம். படிக்கும்போது எனக்கும் வயித்தைப் பிசைஞ்சது. ஆனா ரெண்டு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும். அந்தக் கூட்டத்துல ஏற்கெனவே ரொம்ப வயசானவங்க நிறைய. அப்புறம், அது இன்னிக்கு இருக்கிற பல சிகிச்சைகள் வர்றதுக்கு முந்தின காலம்.

2001-ல் வந்த இன்னொரு பெரிய ஆராய்ச்சியில, ஸ்ட்ரோக் வந்த 6,105 பேர்ல ஒரு பாதிக்கு பி.பி. குறைக்கிற மாத்திரை கொடுத்தாங்க. நாலு வருஷத்துல இன்னொரு ஸ்ட்ரோக் வந்தது அவங்கள்ல 10 சதவீதம் பேருக்கு. மாத்திரை கொடுக்காத பாதியில 14 சதவீதம் பேருக்கு. அதாவது நூறு பேருக்கு நாலு பேர் தப்பிச்சாங்க. தினமும் ஒண்ணு ரெண்டு மாத்திரை... அவ்வளவுதான் மேட்டர்.

ஆனா அந்த ‘தினமும்’தான் கஷ்டம். எங்க அப்பத்தா எட்டாவது மாசம், “தலைசுத்தல்தான் இல்லையே ஆத்தா, மாத்திரை எதுக்கு?”ன்னு தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டாங்க. பி.பி.க்கு அறிகுறியே இருக்காதுன்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? “எங்க கிணத்து மோட்டர் மாதிரி அப்பத்தா. வெளியே சத்தம் ஒழுங்காத்தான் கேட்கும், உள்ளே காயில் சூடாகிட்டு இருக்கும்”னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க. கையை நீட்டினாங்க. அந்த வீட்டில் எத்தனை தடவை காயில் எரிஞ்சிருக்குன்னு அவங்களுக்குத்தானே தெரியும்!

உடம்பைவிட மனசு

ஹாலிவுட் ஹீரோ கிர்க் டக்ளஸ் தெரியுமா? 1960-ல் வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ நாயகன், மைக்கேல் டக்ளஸோட அப்பா. 1996 ஜனவரியில அவருக்கு ஸ்ட்ரோக். வயசு 79. பேச்சு போச்சு. பேச்சையே நம்பிப் பிழைச்ச மனுஷன்! வாழ்றதே வேண்டாம்னு அப்போ நினைச்சதை அவரே பின்னால புத்தகமா எழுதினார். ஆனா ரெண்டே மாசத்துல ஆஸ்கர் மேடையில கௌரவ விருது வாங்க வந்து, குழறின பேச்சிலேயே நன்றி சொன்னார். 1999-ல் ‘டைமண்ட்ஸ்’ங்கிற படத்துல ஸ்ட்ரோக்ல இருந்து மீண்டு வர்ற பழைய குத்துச்சண்டை வீரரா நடிச்சார். 2020-ல் 103 வயசுல காலமானார். பேச்சு கடைசிவரை முழுசா தெளியலை. ஆனா 24 வருஷம் அந்தப் பேச்சோடயே வாழ்ந்தார்.

அவர்கிட்ட காசு இருந்துச்சு, தெரபிஸ்ட் இருந்தாங்கன்னு நீங்க சொல்லலாம். சரிதான். ஆனா அந்த ‘வாழ்றதே வேண்டாம்’ங்கிற நினைப்புக்குக் காசு தெரியாது. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது. நம்ம வீடுகள்ல இதைக் கண்டுபிடிக்கிறதே இல்லை. ‘அடம் பிடிக்குறாங்க’, ‘சோறு வேண்டாங்குறாங்க’, ‘சும்மா சும்மா அழறாங்க’ன்னு வேற பேர் வெச்சிடுறோம். இதுக்கும் டாக்டர்கிட்ட மருந்து இருக்கு. கேட்கணும், அவ்வளவுதான்.

அப்பத்தாவுக்கு மூளையோட இடது பக்கம் அடைப்பு. அதனால வலது கையோட பேச்சும் போச்சு. தண்ணி வேணும்னா ‘சாவி’ம்பாங்க. தப்பா சொல்றோம்னு அவங்களுக்கே தெரியும். கோவம் வரும். டம்ளரைத் தட்டி விடுவாங்க. வந்தவங்க ‘புத்தி பேதலிச்சிடுச்சு’ன்னாங்க. இல்லை பாஸ். வார்த்தையை எடுக்கிற வழிதான் அடைபட்டிருக்கு, புத்தி உள்ளேயே இருக்கு. ‘தண்ணியா? காபியா?’ன்னு ஒவ்வொண்ணா காட்டிக் கேட்டா தலையை ஆட்டிடுவாங்க. சின்னக் குழந்தைகிட்ட பேசுற மாதிரி கொஞ்சிப் பேசினா மட்டும் முறைப்பாங்க.

என் ஃப்ரெண்டோட தாத்தாவுக்கு வலது மூளையில பாதிப்பு. இலையில வலது பக்கம் வெச்சதை மட்டும் சாப்பிடுவார், இடது பக்கம் வெச்சது அப்படியே இருக்கும். பிடிக்கலைன்னு இல்லை. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவர் மூளைக்குப் படலை! இலையைத் திருப்பி வெச்சா சாப்பிடுவார். இதெல்லாம் தெரிஞ்சா கோவம் குறையும். அவங்களுக்கும் நமக்கும்.

சேலை கட்டின கதை

ஸ்ட்ரோக் வந்த பெரிய மனுஷிகளுக்கு முதல்ல பறிபோறது சேலை. வசதிக்காக நைட்டியை மாட்டி விட்டுடுவோம். அப்பத்தா வாழ்க்கையில நைட்டி போட்டதே இல்லை. யாராவது வாசல்ல வந்தா போர்வையை இழுத்து மூடிக்குவாங்க. நாங்க குளிருதுன்னு நினைச்சோம்.

“உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?”ன்னு ஃபிஸியோ அண்ணன் ஒருநாள் கேட்டப்போ, இடது கையால அம்மாவோட முந்தானையைப் பிடிச்சுக் காட்டினாங்க. அன்னிலேர்ந்து பயிற்சியே மாறிப்போச்சு. ‘பத்து தடவை எந்திரிச்சு உட்காருங்க’ன்னா முகத்தைத் திருப்புறவங்க, ‘சேலை கட்ட பத்து நிமிஷம் நிக்கணும்’னா நின்னாங்க. முதல்ல ஜன்னல் கம்பியைப் பிடிச்சு ஒரு நிமிஷம். அப்புறம் மூணு. பதினாலாவது மாசம் அம்மா கொசுவம் வெச்சுச் சொருகி முடிக்கிற வரைக்கும் நின்னாங்க. பச்சை நூல் சேலை. அன்னிக்கு அவங்களே வாசல் திண்ணைக்குப் போகணும்னு கையைக் காட்டினாங்க.

வலது கை இன்னும் முழுசா வரலை. வராதுன்னும் தெரியும். நாலு கால் ஊன்றுகோல் இல்லாம நடக்க முடியாது. நூறு வார்த்தையைத் தாண்டாது பேச்சு. பழையபடி ஆகலை. ஆனா திண்ணையில உட்கார்ந்து, பால்காரர்கிட்ட இடது கையால பாத்திரத்தை நீட்டி, ‘ஊத்து’ன்னு அதட்டுற அளவுக்கு ஒரு புது வாழ்க்கை கிடைச்சிருக்கு. இதை ஸ்கேன்ல பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

லீவுக்கு வீட்டுக்குப் போறீங்களா?

அப்போ சில வேலை. சுகமில்லாத கையைப் பிடிச்சு இழுத்தோ, அக்குளுக்குள்ள கை கொடுத்தோ தூக்காதீங்க. தோள்மூட்டு நழுவிடும். தண்ணி குடிக்கும்போது புரையேறினா விளையாட்டா விடாதீங்க. அது நுரையீரலுக்குப் போனா நிமோனியா வரும். நிமிர்ந்து உட்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. வழுக்குற பாத்ரூம்ல ஒரு கைப்பிடி அடிச்சுக் கொடுங்க. மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்க, கணக்கு இடிச்சா திட்டாம விசாரிங்க. மாசம் ஒரு தடவை பி.பி. பார்த்து ஒரு நோட்டுல தேதியோட எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. நாலரை வருஷமா தினமும் அப்பத்தாவைத் தூக்கி உட்கார வைக்கிறது, குளிக்க வைக்கிறது, கொசுவம் வைக்கிறது எல்லாம் அம்மா. அவங்களுக்கு இடுப்பு வலி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு நோயாளியோட எதிர்காலத்தைப் பத்திப் பேசுறப்போ, அவங்களைத் தாங்குற ஆளோட இடுப்பைப் பத்தி யாரும் பேசுறது இல்லை. அந்த ஆள் படுத்துட்டா, மேலே சொன்ன கணக்கு எல்லாம் காலி.

அதனால, இந்த ஞாயித்துக்கிழமை போனை ஓரமா வெச்சுட்டு, அம்மாவையோ அத்தையையோ, உங்க வீட்டில் அந்த வேலையைச் செய்றது யாரோ அவங்களைக் காலையிலேயே ஒரு கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ அனுப்பி வைங்க. சாயங்காலம் வரைக்கும் நீங்க பார்த்துக்குங்க. மாத்திரை எந்த டப்பாவுல இருக்குன்னு மட்டும் அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.